45 தாண்டினவங்க கன்சல்டன்சில பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

கிண்டி பக்கம் இருக்குற ஒரு ஜாப் கன்சல்டன்சி பத்தின ரிவ்யூ இது, பேரு போடல, ஏன்னா இதே மாதிரி ஊரு பூரா இருக்கு. 5க்கு 2 ஸ்டார், அந்த ரெண்டுமே அங்க வேலை பாக்குற ஒரு பொண்ணுக்காக.

எனக்கு 53 வயசு, அம்பத்தூர் எஸ்டேட்ல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி செக்‌ஷன்ல இருந்தேன், கம்பெனிய மூடிட்டாங்க. கன்சல்டன்சிக்குள்ள போனதுமே "உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கு உடனே கிடைக்கும் சார்"னு சொல்லி 1500 ரூபா ரெஜிஸ்ட்ரேஷன் வாங்கிட்டாங்க, பணம் போனப்புறம்தான் ஃபார்மே வந்துச்சு. பிறந்த தேதிய பாத்ததும் ரெஸ்யூம் மேல் மூலைல சிவப்பு பேனாவால 53னு எழுதி வட்டம் போட்டு வேற ட்ரேல வச்சாங்க. அப்புறம் எப்ப போன் பண்ணாலும் "கம்பெனி சைடுல இன்னும் சொல்லல சார்"தான்.

அந்த பொண்ணுதான் உண்மைய சொல்லுச்சு. எப்படிப்பட்ட ஆள் வேணும்னு கம்பெனிங்க எழுதி குடுத்த ஷீட்லயே வயசு 40க்குள்ளனு இருக்காம், என் ரெஸ்யூம் ஆபீஸ விட்டே வெளிய போகலயாம். பணம் வாங்கும்போதே இது தெரியும்ல, எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா அதே பொண்ணு என் எதிர்லயே போன் போட்டு, "வயசு 53 சார், டிராயிங் பாத்து அவரே இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவாரு, காலிபரேஷன் ரெக்கார்ட், கஸ்டமர் ஆடிட் எல்லாம் தனியா பாத்துருக்காரு, கூப்பிடுறீங்களா"னு கேட்டுச்சு. திருமுடிவாக்கத்துல ஒரு சின்ன யூனிட்ல வரச்சொன்னாங்க, ஓனர் புஷ்ங்குற ஒரு சின்ன உருளை பார்ட்டையும் மைக்ரோமீட்டரையும் கைல குடுத்து அளந்து காட்டச் சொன்னாரு, அவ்வளவுதான் இன்டர்வியூ. சம்பளம் முன்னாடி வாங்குனத விட கம்மிதான், சேந்துட்டேன்.

வயசு காட்டி தள்ளாதேனு பிரைவேட் கம்பெனிய தடுக்குற சட்டம் நம்ம நாட்டுல இல்ல, அமெரிக்கால 40 தாண்டினவங்களுக்குனு 1967லயே போட்டுட்டாங்க. வயசானவங்களுக்கு வேலை தேட சென்ட்ரல் கவர்ன்மென்ட் வச்சிருக்குற சேக்ரட் (SACRED) போர்ட்டல்ல பதியலாம்னா 60 ஆகணும். பிஎஃப் பென்ஷன் 58ல, 50க்கு மேல முன்னாடியே எடுக்கலாம்தான், ஆனா வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டிட்டு அந்த குறைஞ்ச தொகையதான் கடைசி வரைக்கும் தருவாங்க. பொண்ணு கல்யாணம், பையன் காலேஜ் ஃபீஸ்னு நிக்குற வயசுல நமக்கு ஒரு கதவும் இல்ல, அந்த பயத்த வச்சுதான் இவங்க 1500 வாங்குறாங்க.

ஃபீஸ திருப்பி கேட்டேன், தரமாட்டோம்னு ரசீது பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்காம். அதனால பணத்த எடுக்குறதுக்கு முன்னாடி கம்பெனி அனுப்புன ஷீட்ட காட்டச் சொல்லி வயசு போட்டிருக்குற கட்டத்த பாருங்க, காட்டலன்னா எந்திரிச்சு வந்துருங்க. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை நடக்குற தனியார் துறை முகாமுக்கு ஒரு பைசா கிடையாது. அங்கயும் 35க்குள்ளனு கேக்குறவங்க இருக்காங்க, ஆனா கம்பெனி ஆளே எதிர்ல உக்காந்திருப்பாரு, நேரா கேட்டுடலாம்.