கோல்ஃப்: மனதுக்குப் புள்ளியா, தாளமா?

பந்துக்கு முன்னால் நிற்கும்போது முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று மனசுக்குள் பட்டியல் ஓடினால் ஸ்விங், அதாவது மட்டையை வீசும் அசைவு, கெட்டுவிடும். பழகிய கை தானாக அடிக்க வேண்டுமென்றால், மனதுக்கு வேறொரு சின்ன வேலை கொடுக்க வேண்டும்.

முதல் வழி, புள்ளி. கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பார். அதே நேர்கோட்டில் பந்துக்குச் சில அடி முன்னால் ஒரு காய்ந்த புல்லையோ, மட்டை தரையில் விட்ட பழைய வெட்டுத்தடத்தையோ குறியாகப் பிடித்துக்கொள்வார். 150 கஜம் தள்ளி, குழியில் ஆடும் கொடியைவிட, காலடியில் இருக்கும் புல்லுக்கு நேராக நிற்பது எவ்வளவு எளிது! காப்ரியேல் வுல்ஃப் குழுவினரின் 1999 ஆய்விலும், கை அசைவைக் கவனித்த புதியவர்களைவிட மட்டையின் அசைவைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தார்கள். கவனம் உடம்புக்கு வெளியே இருந்தால் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

அப்புறம் தாளம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டையைப் பின்னால் கொண்டுபோக எடுக்கும் நேரம், கீழே இறக்கும் நேரத்தைப் போல் சுமார் 3 மடங்கு. வேகமாக எண்ணிப் பாருங்கள்: 'ஒன்று'க்குத் தொடக்கம், 'நான்கு'க்கு உச்சி, 'ஐந்து'க்குப் பந்து.

நீண்ட அடிக்கு நான் புள்ளியைத்தான் சொல்வேன். திசை தவறினால் எந்தத் தாளமும் காப்பாற்றாது. ஆனால் நாலடி தூரத்துக் குழிக்குப் பந்தை மெல்ல உருட்டும் 'புட்'டில், நெஞ்சு படபடக்கும்போது, கை அவசரப்படும். அங்கே தாளம்தான். எண்கூட வேண்டாம், பின்னால் போகும்போது 'வா', முன்னால் வரும்போது 'போ'.