தோல் கம்பெனி லேபில் பி.எச். பிராப்: மூடிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர, அமில-கார அளவைக் காட்டும் பி.எச். மீட்டரைத் தொடாத நாள் கிடையாது. சுண்ணாம்பு டிரம்மில் 12-க்கு மேல் காட்டும், தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிளில் 3-ஐ ஒட்டி நிற்கும், குரோம் ஏற்றி, அமிலத்தைக் குறைத்து அதைத் தோலில் பிடிக்கவைக்கும் பேசிஃபிகேஷன் முடிக்கும்போது 3.8-இலிருந்து 4 வரை வரவேண்டும். அப்புறம் கழிவுநீர் வேறு. மீட்டரோடு இணைத்து, கரைசலில் முக்கி அளக்கும் ஒரே பிராப் ஒரே ஷிஃப்டில் இத்தனை இடத்துக்கும் போய் வரும். இவ்வளவு அடிபட்டும் ஒழுங்காக ஓடிய பிராப்களையும் பார்த்திருக்கிறேன், வாங்கிய சில மாதத்தில் ஓய்ந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். விலைக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. பெரும்பாலானவை அளக்கும் வேலையில் கெடுவதில்லை, சும்மா கிடக்கும் நேரத்தில்தான் கெடுகின்றன.

நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழின் மேல் ஈரத்தில் ஊறிய மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனியை உணர்வது அந்தப் படலம்தான். அது காய்ந்தால் ரீடிங் நகராமல் நிற்கும், அல்லது மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஆகவே பிராப் எப்போதும் உப்பில் ஊறும் வடுமாங்காய் மாதிரி நனைந்தே கிடக்கவேண்டும். எதில் நனைய வேண்டும் என்பதில்தான் பல லேப்களில் தகராறு.

எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம், ஒரு பீக்கர் டிஸ்டில்ட் வாட்டரில் பிராப்பை நிறுத்திவைப்பது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் பிராப்பின் உள்ளே பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்கிறது, வெளியே உப்பே இல்லாத தண்ணீர். உள்ளே இருக்கும் உப்பு பக்கவாட்டில் கசிவுக்கென்றே உள்ள சின்ன பீங்கான் அடைப்பு, அதாவது ஜங்ஷன் வழியாகக் கசிந்து கொண்டே இருக்கும். ஜெல் நிரப்பிய பிராப்பில் அப்படிப் போன உப்பைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. ஆர்.ஓ. கேன் தண்ணீருக்கும் இதே கதிதான்.

சரியான கரைசல் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. ரெடிமேடாகச் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். நான் லேபிலேயே கலந்துகொள்கிறேன்: 22.4 கிராம் ஏ.ஆர். கிரேடு (லேபுக்கான சுத்தமான) உப்பைப் போட்டு, டிஸ்டில்ட் வாட்டரால் மொத்தம் 100 மில்லி ஆக்கினால் முடிந்தது. உரக்கடை பொட்டாஷும் இதே உப்புதானே என்று ஒருவர் கேட்டார். பெயரளவில் அதேதான், ஆனால் அந்தச் செம்பழுப்பு நிறம் இரும்புக் கலப்பு. அதை வயலுக்கு விட்டுவிடலாம். சமையல் உப்பும் வேண்டாம். கரைசல் கைவசம் இல்லாத அவசரத்துக்கு 4 பஃபரில் (பி.எச். 4-இலேயே நிலையாக நிற்கும் கரைசலில்) வைக்கலாம், ஓரிரு நாள் தாங்கும். 7 பஃபரில் வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது.

மூடியை நிறைய நிரப்ப வேண்டியதில்லை. குமிழும் ஜங்ஷனும் முழுகினால் போதும். மூடிக்குள் ஸ்பாஞ்சு இருந்தால் அது சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். வேலூர் வெயிலில்தான் சிக்கலே. ஏ.சி. இல்லாத அறையில், அக்னி நட்சத்திரத்தின்போது, இறுக்காமல் விட்ட மூடி ஒரு வாரத்தில் காய்ந்து உள்ளே வெள்ளை உப்பு மட்டும் மிஞ்சும். அந்த உப்பைக் கண்டு பயப்பட வேண்டாம், தண்ணீரில் கழுவினால் போய்விடும். கோடையில் திங்களும் வியாழனும் மூடியைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். பொங்கல் மாதிரி நீண்ட விடுமுறைக்கு முன்னால் புதுக் கரைசல் ஊற்றி, மூடியை இறுக்கி, பிராப்பை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவேன்.

உலர்ந்துபோன பிராப்பை உடனே குப்பையில் போடாதீர்கள். ராத்திரி முழுக்க 3 மோலார் கரைசலில் ஊறவிட்டு, காலையில் பஃபர்களில் வைத்து மீட்டரைச் சரிசெய்து, அதாவது கேலிபரேட் செய்து பாருங்கள். பாதிக்கு மேல் உயிர் பெற்றுவிடுகின்றன. குமிழுக்குள் காற்றுக்குமிழி தெரிந்தால், கீழ்நோக்கி இரண்டு மூன்று முறை உதறினால் மேலே போய்விடும்.

நான் வைத்துப் பார்த்தவை இரண்டு வகை. பிளாஸ்டிக் உடலும் ஜெல்லும் கொண்டது ஒன்று, கண்ணாடி உடலில் நாமே கரைசல் நிரப்பிக்கொள்வது இன்னொன்று. டிரம் பக்கம் தூக்கிப் போக முதல் வகை வசதி, கீழே விழுந்தாலும் பிழைக்கும். ஆனால் நாள்பட நிதானத்தில் இரண்டாவதுதான் ஜெயிக்கிறது. அதன் நிரப்பும் துளை அளக்கும்போது திறந்திருக்க வேண்டும், வைக்கும்போது மூட வேண்டும். உள்ளே இருக்கும் கரைசலின் மட்டம் வெளியே உள்ள சாம்பிளைவிட மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் ஓட்டம் உள்ளிருந்து வெளியே இருக்கும். மட்டம் இறங்கினால் சாம்பிள் உள்ளே ஏறும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் வரும் பேனா மீட்டரை வீட்டுத் தொட்டித் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளலாம், டிரம்முக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தோல் தொழிலுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, சல்ஃபைடு. முடி நீக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் சோடியம் சல்ஃபைடு இருக்கிறது. பிராப்பின் உள்ளே வெள்ளியும் வெள்ளி குளோரைடும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு ஜங்ஷனில் அடைத்துக்கொள்ளும். அதனால் சுண்ணாம்புக்கு, சாம்பிளுக்கும் வெள்ளிக்கும் நடுவே இன்னொரு கரைசல் அறை உள்ள டபுள் ஜங்ஷன் பிராப் வாங்குங்கள், கூடுதல் பணம் வீண்போகாது. அடைத்தபின் தயோயூரியாவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஜங்ஷன் வெளுக்கும்வரை வைக்கலாம். கையுறை போட்டுக்கொண்டே செய்யுங்கள், தயோயூரியா உடம்புக்கு நல்லதல்ல. அதற்கு முன் பிராப்பைத் தண்ணீரில் நன்றாகக் கழுவியே ஆகவேண்டும். சல்ஃபைடும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு வரும் என்று தோல் கம்பெனியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புப் படிவுக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். தோலின் புரதம் ஒட்டினால் அதே அமிலத்தில் பெப்சின் கலந்து வைக்கலாம், கொழுப்புக்கு லேசான சோப்புத் தண்ணீர். எதில் கழுவினாலும் அப்புறம் 3 மோலார் கரைசலில் சில மணி நேரம் ஊறட்டும். துணியால் தேய்த்துத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கண்ணாடியில் மின்னூட்டம் ஏறி ரீடிங் அலையும்.

டிரம் பார்க்கும் பெரியவர் ஒருவர் மீட்டரை நம்பவே மாட்டார். "சார், உங்க மிஷின் என்னவோ சொல்லட்டும், நான் சொட்டு விட்டுப் பாத்துக்கிறேன்" என்று தோலின் வெட்டுப் பகுதியில் பி.எச்.-க்கு ஏற்ப நிறம் மாறும் புரோமோகிரெசால் கிரீன் விடுவார். 3.8-க்குக் கீழே மஞ்சள், 5.4-க்கு மேலே நீலம், நடுவில் பச்சை. "விடுங்க பாய், ரெண்டும் வேணும்" என்பேன். மீட்டர் டிரம் தண்ணீரைச் சொல்கிறது, சொட்டு தோலின் உள்ளே நடப்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துவராத அன்று முதலில் பிராப்பின் மூடியைத்தான் பார்ப்பேன்.

கேலிபரேஷனில் வெயிலை மறக்காதீர்கள். 25 டிகிரியில் 9.18 காட்டும் பஃபர் 40 டிகிரியில் 9.07 ஆகிவிடும். பல மீட்டர்கள் இதைத் தாமாகச் சரிசெய்கின்றன. மலிவானவற்றில் பஃபர் பாக்கெட்டில் அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து நாமே செய்ய வேண்டியிருக்கும்.

பிராப் முழுத் திறனில் எத்தனை சதவீதம் உணர்கிறது என்று காட்டும் ஸ்லோப் எண்ணை நோட்டில் எழுதி வாருங்கள். மீட்டர் ஸ்லோப் காட்டாவிட்டால் மில்லிவோல்ட்டுக்கு மாற்றி 7 பஃபரையும் 4 பஃபரையும் பாருங்கள். 25 டிகிரியில் வித்தியாசம் ஏறக்குறைய 177 மில்லிவோல்ட் இருக்க வேண்டும், அதுதான் 100 சதவீதம். 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பிராப்பை பிக்கிளுக்கும் குரோமுக்கும் வைக்கிறேன். அங்கே அமிலம் குறைவாக இருந்தால் குரோம் மேல்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும், தோல் கெட்டுவிடும். 90-க்குக் கீழே வந்தால் கழுவி ஊறவைத்துப் பார்ப்பேன், மீளாவிட்டால் கழிவுநீர்ப் பக்கம் அனுப்பிவிடுவேன். 85-க்கும் கீழே போனதை வெட்டி எறிந்துவிட்டு, கேபிள் முனையை மட்டும் எடுத்துவைத்துக்கொள்கிறேன்.