நைட்ரஸ் காருக்குத் தனி எரிபொருள் அமைப்பு: அழுத்தமானியின் முள்ளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

டாலஸ் பகுதியில், நைட்ரஸ் (எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) பூட்டிய காருக்குத் தனி எரிபொருள் அமைப்பு போடப் பட்டறை தேடுகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விவகாரம் சட்ட வழியில் போய்க்கொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த வேலையை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். இதையே வேறு எந்தப் பட்டறையிலும் யாரும் செய்துவிட முடியும் என்பதுதான் என் கவலை.

என் கார் 1979 ஆம் ஆண்டின் கமாரோ. 350 கன அங்குல வி8 எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் ஹாலி கார்புரேட்டர், அதன் அடியில் நைட்ரஸையும் பெட்ரோலையும் சேர்த்துத் தெளித்து 200 குதிரைத்திறன் கூட்டும் நைட்ரஸ் பிளேட். என்னிஸ் நகரில் உள்ள டெக்சஸ் மோட்டார்பிளெக்ஸில் கால் மைல் ஓட்டத்துக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வண்டி.

எடையில் காற்றில் சுமார் 23 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடில் 36 விழுக்காடு. கூடுதலாக வரும் அந்த ஆக்சிஜனுக்கு ஈடாகப் பெட்ரோலும் வந்தாக வேண்டும். வராவிட்டால் வெப்பம் பிஸ்டனைத் தின்றுவிடும். முழு வேகத்தில் கார்புரேட்டருக்கே திணறும் பம்பிடம் நைட்ரஸுக்கும் சேர்த்துக் கேட்டால், இரண்டுக்கும் போதாமல் போகும். அதனால்தான் ஒரு சிறிய டேங்க், தனிப் பம்பு, அழுத்தத்தைச் சீராக வைக்கத் தனி ரெகுலேட்டர். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எஞ்சின் வழக்கம்போல 93 ஆக்டேன் பங்க் பெட்ரோலில் ஓடலாம்; சிறிய டேங்கில் மட்டும் 116 ஆக்டேன் ரேஸ் பெட்ரோலை ஊற்றிக்கொள்ளலாம். எஞ்சினில் தட்டல் (எரிபொருள் தாறுமாறாகத் தானே வெடிப்பது) வராமல் காப்பது அந்த உயர்ந்த ஆக்டேன்தான்.

பில்லில் எல்லாம் தனித்தனியாக விலை போட்டிருந்தார்கள்: டேங்க், பம்பு, மிச்சத்தை டேங்குக்கே திருப்பும் ரெகுலேட்டர், எரிபொருள் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச், கடைசியாக, பெட்ரோல் பாயும்போது அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் பாய்ச்சல் சோதனை. பெட்ரோல் பாயும்போதே அழுத்தம் 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு) என்று அச்சிட்ட தாளும் கொடுத்தார்கள். சுவிட்சைப் போட்டால் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. அழுத்தமானியின் முள் ஆறில் அசையாமல் நின்றது.

ஓட்டத்தின் நடுவில் எஞ்சின் போனது. இரண்டு பிஸ்டன்களில் வளையம் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. அந்த சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக் முனைகள் உருகிப்போயிருந்தன. பட்டறைக்காரர் வந்து பார்க்கக்கூட இல்லை. நைட்ரஸ் போட்டால் எஞ்சின் உடையத்தான் செய்யும் என்று போனிலேயே முடித்துவிட்டார்.

உண்மையைக் கண்டுபிடித்தது என்னோடு ஓட்டங்களுக்கு வரும் இளம் நண்பர். வண்டியைப் பிரிப்பதற்காகச் சிறிய டேங்கில் இருந்ததை அவர்தான் வடித்தார். "அண்ணா, நாம் ஊற்றியது அப்படியே இருக்கிறது. இத்தனை ஓட்டம் ஓடியும் ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லையே" என்றார். அதன் பிறகு குழாயைத் தொட்டுக்கொண்டே போனோம். ரெகுலேட்டரிலிருந்து சாலனாய்டுக்கு (பிளேட்டுக்குப் பெட்ரோலைத் திறந்துவிடும் மின் வால்வு) போக வேண்டிய வாயை ஒரு திருகு மூடியால் அடைத்திருந்தார்கள். சாலனாய்டுக்குப் பெட்ரோல் வந்தது கார்புரேட்டருக்குப் போகும் குழாயிலிருந்து. ஃபெண்டரின் உட்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஒரு டி இணைப்பு.

அதாவது நான் காசு கொடுத்த பம்பு, டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோலை அதே டேங்குக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. முள் காட்டியது அந்தச் சுற்றின் அழுத்தத்தை. பாதுகாப்பு சுவிட்சும் அதே சுற்றில்தான் இருந்தது. அங்கே அழுத்தம் குறையவே வழியில்லாதபோது அது எப்படி நைட்ரஸை நிறுத்தும்? எஞ்சினுக்குள் போனது 93 ஆக்டேன் பெட்ரோல், அதுவும் போதாத அளவில். பெட்ரோலை அளவாக விடும் சிறு துளையான ஜெட்டில் அழுத்தம் பாதியானால் பாயும் அளவு சுமார் 30 விழுக்காடு குறைந்துவிடும். நைட்ரஸோ குறையாமல் வந்துகொண்டிருக்கும்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. எஞ்சினைத் திரும்பக் கட்டிய மெக்கானிக் அந்தப் பம்பைக் கழற்றி, ஜெட் வழியாகப் பாய்ச்சிப் பார்த்தார். பெட்ரோல் பாயத் தொடங்கியதுமே அழுத்தம் விழுந்தது. பில்லில் எழுதிய பம்பு அது இல்லை, மலிவான வேறொன்று. பம்பை மாற்ற மனம் வராமல், குழாயை மாற்றி வண்டியை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. மூடியைத் திருகி வாயை அடைத்த கைக்கு, தான் என்ன செய்கிறது என்று நன்றாகத் தெரியும்.

உங்கள் வண்டியை எடுக்கும்போது, பாய்ச்சல் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். தாள் போதாது. நைட்ரஸ் சிலிண்டரின் வால்வு மூடியிருக்க வேண்டும், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். பிளேட்டுக்குப் போகும் எரிபொருள் குழாயைக் கழற்றி, அதன் முனையில் அதே ஜெட்டை வைத்து, அளவுப் பாத்திரத்தில் விடச் சொல்லுங்கள். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்று கணக்கிட்டால், 200 குதிரைத்திறனுக்கு 10 நொடியில் சுமார் 125 கிராம் சேர வேண்டும். பாயும்போது முள்ளைப் பாருங்கள். மூடிய குழாயில் முள் நிற்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பிறகு சிறிய டேங்கின் பம்பை மட்டும் நிறுத்திவிட்டு, எஞ்சினின் சொந்த எரிபொருள் குழாயில் அழுத்தம் இருக்கும்போது சாலனாய்டைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போதும் பெட்ரோல் பீறிட்டால் அது வேறு எங்கிருந்தோ வருகிறது. இதற்கு முகம் சுளிக்கும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ரேஸ் பாகங்களுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்த வரியை எனக்குச் சுட்டிக்காட்டினார்கள். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்வதை டெக்சஸின் 1973 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏமாற்று வணிகம் என்றே பட்டியலிட்டிருக்கிறது. வழக்குக்கு 60 நாள் முன்பு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். 20,000 டாலர் வரை, சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே கேட்கலாம். அடைத்த மூடியின் படங்கள், பழைய பம்பு, மெக்கானிக்கின் கையெழுத்திட்ட அறிக்கை மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அறிவிப்பு அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. இதே போன்ற டி இணைப்பை உங்கள் காரில் கண்டால், கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.