2012 மேக் மினிக்கு ரேம் ஏற்றினேன்: மூடியைத் திருப்பினால் போதும்

ஆப்பிளின் பழைய மேக் மினி வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 2012 மாடல் 4 ஜிபியோடு கிடைத்தாலும் தயங்க வேண்டாம், ஏனென்றால் ரேம் மாற்றுவதற்கு இதைவிடச் சுலபமான குட்டி டெஸ்க்டாப்பை நான் பார்த்ததில்லை.

என்னுடையதும் 4 ஜிபிதான். பிரவுசரில் நாலைந்து கனமான பக்கங்களைத் திறந்தாலே ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் (ரேமுக்கு எவ்வளவு நெருக்கடி என்று காட்டும் வரைபடம்) மஞ்சளாகிவிடும், ஸ்வாப் (ரேம் போதாமல் டிஸ்க்கையே மெமரியாகப் பயன்படுத்துவது) ஏறும், உள்ளே இருப்பது 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் என்பதால் அது கரகரவென்று ஓடி முடிக்கும்வரை மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதில் 16 ஜிபி வரை போடலாம். இரண்டு 8 ஜிபி ஸ்டிக், டிடிஆர்3, 1600 மெகாஹெர்ட்ஸ், 204 பின். லேப்டாப்பில் போடும் குட்டை ரேம்தான் வேண்டும், டெஸ்க்டாப் ரேம் நுழையவே நுழையாது. ஒரு ஸ்லாட்டில் மட்டும் 8 போட்டாலும் ஓடும், ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மெஷினில் ப்ராசஸரோடு வரும் இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ் இதே மெமரியில்தான் பங்கு கேட்கிறது, அதனால் ஒரே அளவில் ஜோடியாகப் போட்டு டூயல் சேனலில் (இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையில்) ஓட்டுவதுதான் நல்லது.

வயரையெல்லாம் பிடுங்கிவிட்டு மெஷினைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் உள்ள வட்டமான கறுப்பு மூடியை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி இடப்பக்கமாகத் திருப்பினால் கையோடு வந்துவிடும், ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். தொடுவதற்கு முன் உள்ளே தெரியும் உலோகத்தில் ஒருமுறை கை வைத்து ஸ்டாட்டிக்கைப் போக்கிக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்டிக். பக்கவாட்டுக் கிளிப்புகளை விலக்கினால் மேலே உள்ளது சாய்வாக எழும்பும், இழுத்துவிட்டு அப்புறம் கீழே உள்ளது. புதியதைச் சொருகும்போது வெட்டுக்குறி பொருந்துகிறதா என்று பார்த்து, சாய்வாகவே தங்க நிறப் பற்கள் முழுதாக மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அமுக்குங்கள். டக் என்று கிளிப் பிடிக்கும். ஆன் செய்ததும் மும்மூன்று பீப்பாக விட்டுவிட்டு வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை என்றுதான் அர்த்தம், கழற்றி மறுபடி போடுங்கள்.

இப்போது மெமரி பிரஷர் பச்சையை விட்டு நகர்வதில்லை, விர்ச்சுவல் மெஷின்கூட (மேக்குக்குள்ளேயே இன்னொரு ஓஎஸ்ஸை ஓட்டுவது) முக்காமல் ஓடுகிறது. ஆனால் பூட் ஆகும் நேரம் கொஞ்சமும் குறையவில்லை, அது ரேமின் வேலையும் இல்லை. ஓஎஸ்ஸும் அதிகாரப்பூர்வமாக கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு நின்றுவிடுகிறது, புது மேக்ஓஎஸ் கட்டாயம் வேண்டுபவர்களுக்கு இது சரிப்படாது.

இந்த வசதியை அடுத்த மாடலிலேயே எடுத்துவிட்டார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம்தான். 2014இல் ரேமை போர்டிலேயே சாலிடர் செய்துவிட்டார்கள், வாங்கும்போது என்ன இருந்ததோ அதுதான் கடைசிவரை. 2018இல் மறுபடி ஸ்லாட் வந்தது, 64 ஜிபி வரை போகும், ஆனால் போர்டையே வெளியே இழுத்துத்தான் மாற்ற வேண்டும். 2020இல் வந்த எம்1 சிப் மாடலில் மெமரி சிப்போடு சேர்ந்தே வருகிறது, ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு அடுத்த வேலை ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போடுவது. அதற்கு ஃபேனையும் ஆன்டெனா தட்டையும் கழற்ற வேண்டும், சின்ன டார்க்ஸ் (நட்சத்திர முனை) டிரைவர் தேவை, ரேம் அளவுக்கு எளிதில்லை.