கப்பன் பார்க்கா, லால்பாக்கா? நான்கு வயதுக் குழந்தையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெங்களூரின் அல்சூரில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி ஆறுவதற்குள் முடிவாக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: இன்றைக்குக் கப்பன் பார்க்கா, லால்பாக்கா? மகளுக்கு நான்கு வயது நிரம்பி மூன்று மாதம் ஆகிறது. கடந்த ஒன்றரை ஆண்டில் இரண்டு பூங்காக்களுக்கும் அவளை மாறி மாறி அழைத்துச் சென்றிருக்கிறேன்; அழைத்துச் சென்றேன் என்பதைவிடப் பாதித் தொலைவு தூக்கிச் சென்றேன் என்பதே சரி. பெங்களூருக்குக் கைக்குழந்தையோடு மாற்றலாகி வரும் நண்பர்கள் எது நல்லது என்று கேட்கும்போது, இரண்டுமே நன்றாக இருக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதுதான் பலருக்கும் வழக்கம். அந்தப் பதிலால் கேட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. பெரியவர்களின் கண்ணுக்கு இரண்டும் மரம் அடர்ந்த தோட்டங்கள்; நான்கு வயதுக் காலுக்கும் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் அவை வேறு வேறு ஊர்கள்.

போகும் வழியிலிருந்தே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. அல்சூர் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் டிரினிட்டி, எம்.ஜி. ரோடு, அதற்கடுத்தது கப்பன் பார்க், மூன்றே நிறுத்தம். எம்.ஜி. ரோடு வரை வண்டி மேம்பாலத்தின் மேல் ஓடுகிறது. அது 2011 அக்டோபரில் திறக்கப்பட்ட, இந்நகரின் முதல் மெட்ரோப் பகுதி. அதைத் தாண்டியதும், 2016இல் திறக்கப்பட்ட சுரங்கத்துக்குள் சட்டென்று இறங்குகிறது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும் மகள் அந்த நொடிக்காகவே காத்திருந்து, "அப்பா, குகை வந்துருச்சு!" என்று பெட்டி முழுவதற்கும் அறிவிப்பாள். லால்பாக்குக்குப் போவதென்றால் அதே வண்டியில் மெஜஸ்டிக் வரை சென்று, பச்சை வழித்தடத்துக்கு மாறி, சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ் ஆகியவற்றைக் கடந்து இறங்க வேண்டும். மார்க்கெட்டைத் தாண்டியதும் வண்டி மீண்டும் வெளிச்சத்துக்கு ஏறுவதால், குகைக்குள் போவதும் குகையிலிருந்து வருவதும் ஒரே பயணத்தில் கிடைக்கின்றன. மூன்றடி உயரத்தைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கு மெட்ரோவில் தனி டிக்கெட் வேண்டும். அந்தச் செலவை நான் குறையாக நினைப்பதில்லை. தனக்கென்று ஒரு டோக்கனை வழிநெடுகக் கைக்குள் மூடி வைத்திருந்து, வெளியேறும் கதவில் அதைத் துளைக்குள் தானே போடுவது அவளுடைய காலையின் முதல் சாதனை. வியர்த்த கையிலிருந்து டோக்கனைப் பிடுங்க முயன்ற ஒரு நாள், பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எங்களுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு மட்டும் மெட்ரோ கார்டு.

போகும் பயணத்தில் லால்பாக் வெல்கிறது என்றால், திரும்பும் பயணத்தில் அது பலத்த அடி வாங்குகிறது. நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு மகளுக்குத் தூக்கம் வரும். அது முன்னறிவிப்பு இல்லாமல், நடந்துகொண்டிருக்கும்போதே வரும். மெஜஸ்டிக்கில் இறங்கி, தோளில் தூங்கும் பதினாறு கிலோவைச் சுமந்து, ஒரு கையில் அவளுடைய செருப்பும் மறு கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக எஸ்கலேட்டரில் ஏறி அடுத்த நடைமேடையைத் தேடும்போது, அவளுடைய சட்டைப் பையிலிருந்து கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன. பின்னால் வந்த ஒரு பெரியவர் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கி என் பையில் போட்டார். கப்பன் பார்க்கிலிருந்து திரும்பும்போது இந்த வேலையே இல்லை. தூக்கம் கண்ணை எட்டுவதற்குள் வீடு வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் என் அளவுகோலைச் சொல்ல வேண்டும். சிறு குழந்தையோடு போகும் இடத்தை அதன் அழகைக் கொண்டு நான் எடைபோடுவதில்லை. பாதியில் திரும்புவது எவ்வளவு எளிது என்பதைக் கொண்டே எடைபோடுகிறேன். கப்பன் பார்க்குக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மரங்கள் எதிரிலேயே நிற்கின்றன. போன இருபதாவது நிமிடத்தில் குழந்தை அழத் தொடங்கினால் எதையும் இழக்காமல் திரும்பிவிடலாம். லால்பாக்கில் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்ததும் கொடுத்த காசுக்குக் கண்ணாடி மாளிகையையாவது காட்டிவிட வேண்டும் என்று பெற்றோர் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. குழந்தையோ வாசலிலேயே எறும்பு வரிசை ஒன்றைக் கண்டுபிடித்து உட்கார்ந்திருக்கும். 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த மாளிகையை நோக்கி அவளைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்ற நாள் ஒன்று உண்டு, அவள் அதை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "எறும்பு எங்க?" என்று கேட்டாள்.

அளவும் ஒரு காரணம். 1760இல் ஐதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் காலத்தில் வளர்ந்த லால்பாக்கின் இன்றைய பரப்பு 240 ஏக்கர். மெட்ரோவில் வருபவர்களுக்கு வசதியான மேற்கு வாசலில் நுழைந்தால், குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த பாறை அந்தத் தோட்டத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. குழந்தை நடையில், வழியில் கிடக்கும் ஒவ்வொரு விதைக்கும் நின்று நின்று போனால், அரை மணி நேரத்துக்குக் குறையாது. கட்டணத்தில் ஓடும் பேட்டரி வண்டி இருக்கிறது. அதில் ஏறினால் கால் வலி மிச்சம், ஆனால் நின்று பார்க்கும் சுகம் போய்விடும் என்று முன்பு நினைத்தேன். இப்போது அந்தக் கருத்தைத் தளர்த்திக்கொண்டுவிட்டேன்.

இருந்தாலும் அந்தப் பாறைக்கு ஈடாகக் கப்பன் பார்க்கில் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தீபகற்ப நைஸ் எனப்படும் வகையைச் சேர்ந்த, ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடைய அந்தப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அதன் உச்சியில், நகரம் இதுவரை வளரும் என்று பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடர் குறித்துவைத்ததாகச் சொல்லப்படும் நான்கு கோபுரங்களில் ஒன்று நிற்கிறது. நகரம் அதையெல்லாம் தாண்டி எங்கோ போய்விட்டது. மகளுக்கு 300 கோடியும் தெரியாது, கெம்பேகவுடரையும் தெரியாது. அவளுக்கு அது ஏறுவதற்கு என்றே படைக்கப்பட்ட, தடுப்புக் கம்பியோ படிக்கட்டோ குறுக்கிடாத முதல் மலை. நான்கு காலால் ஏறுகிறாள், உச்சியில் இரண்டு காலால் நிற்கிறாள், இறங்கும்போது உட்கார்ந்த நிலையில் சறுக்குகிறாள். மூன்றாவது முறை சறுக்கி முடித்தபோது பேன்ட்டின் பின்பக்கம் நூல் நூலாகப் போயிருந்தது. ஆகவே லால்பாக்குக்குப் பழைய பேன்ட் என்பது எங்கள் வீட்டு விதி. பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும், மழை பெய்தால் வழுக்கும் என்பதால், முதலில் பாறை, மற்றவை பிறகு என்று வரிசையை அமைத்துக்கொள்வது நல்லது.

லால்பாக்கில் இன்னொரு பொருளையும் நான் தவறாமல் காட்டுவேன். அது குழந்தைக்காக அல்ல, எனக்காக. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட, இரண்டு கோடி ஆண்டு பழமையான கல்மரத் துண்டு ஒன்று அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. மரம் எப்படிக் கல்லாகும் என்ற கேள்விக்கு நான் தயாரித்து வைத்திருந்த விளக்கம் இரண்டாவது வாக்கியத்திலேயே சிதறியது. "இதுவும் நம்ம ஊர்லேருந்து வந்ததா? ரயில்லயா?" என்பதில்தான் அவளுடைய அக்கறை இருந்தது.

கப்பன் பார்க்கின் செல்வம் வேறு வகையானது. 1870இல் ரிச்சர்ட் சாங்கி என்ற பொறியாளர் அமைத்த இந்தப் பூங்காவில் பெரியவர்கள் பார்ப்பதற்கென்று சிவப்புக் கட்டடங்கள் உண்டு. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரின் நினைவு மண்டபத்தில் மாநில மைய நூலகம் இயங்குகிறது. குழந்தைக்கோ எல்லாமே தரையில் கிடக்கிறது. தூங்குமூஞ்சி மரத்தின் கருத்த காய்கள், மூங்கில் புதருக்கடியில் சருகு மெத்தை, நாகலிங்க மரத்தடியில் உதிர்ந்த பூ. அந்தப் பூவில் பாம்பின் படம் போலக் கவிந்திருக்கும் பகுதிக்கு அடியில் லிங்கம் போன்ற வடிவம் இருப்பதை ஒரு முறை காட்டினேன். அதன் பிறகு கிடைக்கும் பூ ஒவ்வொன்றையும் வழிப்போக்கர்களிடம் நீட்டி, "சாமி பாருங்க" என்று காட்டுவது அவள் பொறுப்பாகிவிட்டது. செம்மஞ்சள் பூப் பூக்கும் ஆப்பிரிக்கத் துலிப் மரத்தின் விரியாத மொட்டை நுனியில் கிள்ளி அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். இந்த வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் பெயர் தெரியாத ஆறு வயதுப் பையன். அவன் கன்னடத்தில் விளக்கினான், இவள் தமிழில் கேட்டாள், மொட்டு தீரும் வரை இருவருக்கும் சட்டை நனைந்தது.

சிறுவர் பொழுதுபோக்கு மையமான பால பவனும் அதன் குட்டி ரயிலும் கப்பன் பார்க்குக்குள்தான் இருக்கின்றன. அதற்குத் தனிக் கட்டணம். ரயில் ஓடும் நேரத்தை வாசலில் கேட்டுக்கொண்ட பிறகே குழந்தையின் காதில் அந்தச் செய்தியைப் போட வேண்டும். மழைக்கு ஒதுங்குவதிலும் கப்பன் பார்க்கே மேல். கஸ்தூர்பா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கு ஓடிவிட்டால் இரண்டு மணி நேரம் பொத்தான்களை அழுத்தியும் சக்கரங்களைச் சுற்றியும் கழித்துவிடலாம். அங்கே உள்ள அசையும் டைனோசரை மட்டும் முதல் முறை தூரத்திலிருந்து காட்டுவது உத்தமம்; என் மகள் என் கழுத்தைப் பிடித்த பிடி அன்று மாலை வரை வலித்தது.

பாதுகாப்பில் யார் மேல் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட முடியாது. கப்பன் பார்க்கின் ஊடே சாலைகள் செல்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் அன்று குழந்தையின் கையை விட்டுவிடலாம், வேலை நாட்களில் விடக் கூடாது. லால்பாக்கில் அந்தக் கவலை இல்லை. அதற்குப் பதில் ஏரிக்கரையும் பாறைச் சரிவும் இருக்கின்றன. நாய்க்குப் பயப்படும் குழந்தை என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: ஞாயிறு காலையில் கப்பன் பார்க் நகரத்து வளர்ப்பு நாய்களின் மாநாட்டுத் திடல். ஸ்ட்ரோலரில் வரும் ஒரு வயதுக் குழந்தைக்கு என் தீர்ப்பு தலைகீழாக மாறும். லால்பாக்கின் அகலமான பாதைகளில் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். கப்பன் பார்க்கின் மண் தடங்களில் ஒவ்வொரு வேரும் தூங்கும் குழந்தையை எழுப்பும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு இடங்களிலும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறக்கவும். லால்பாக் பக்கம் 1924 முதல் நடக்கும் எம்.டி.ஆர். இருக்கிறது, ரவா இட்லி தங்கள் சமையற்கட்டில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ளும் அந்த உணவகத்தில் இடம் கிடைக்கும் வரை பசித்த குழந்தையைச் சமாளிக்கும் திறமை இருப்பவர்கள் போகலாம். எனக்கு இல்லை. கப்பன் பார்க்கிலிருந்து சர்ச் தெருவின் காபி ஹவுஸ் நடக்கும் தூரம். அங்கே தலைப்பாகை கட்டிய பணியாளர் மேசைக்கு வருவதே அவளுக்கு ஒரு காட்சி.

குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி லால்பாக்கில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு நான்கு வயதுக் குழந்தையை அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே அவ்வளவு கூட்டத்தில் குழந்தையின் கண் மட்டத்தில் பூ தெரியாது, முழங்கால்கள்தாம் தெரியும். இரண்டு பூங்காக்களுக்கும் போக முடியாத நாளில் எங்களுக்கு அல்சூர் ஏரிக்கரை போதும். நாரையை எண்ணிவிட்டு அரை மணியில் வீடு திரும்பலாம்.

ஆகவே என் கணக்கு இது: மாதத்தில் மூன்று ஞாயிறு கப்பன் பார்க், ஒரு நாள், முடிந்தால் கூட்டமில்லாத வார நாளில், லால்பாக். அடுத்த வாரம் சேலத்திலிருந்து என் அம்மா வருகிறார். கண்ணாடி மாளிகையைப் பார்த்தே தீர வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். பேத்தி பாறையில்தான் முதலில் ஏற வேண்டும் என்கிறாள். பேட்டரி வண்டியில் இருவரையும் உட்காரவைத்துவிட்டு, நான் பழைய பேன்ட்டைத் தேட வேண்டும்.