நான் போவதற்குள் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தார்கள்: பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் ஒரு பழைய கார் வாங்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது மூன்றே வாரத்தில் தெரிந்துவிட்டது. எங்கே ஏமாந்தேன் என்று புரிந்துகொள்ளத்தான் இரண்டு மாதம் ஆனது.

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முடித்துவிட்டு வெளியே வரும்போது அவரால் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியாது. வாடகை வண்டிக்காகக் காத்திருந்து காத்திருந்து ஒருநாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் சொந்த வண்டி வேண்டும் என்று முடிவு செய்தேன். சேமிப்பு முழுவதையும் திரட்டி, போதாததற்குத் தம்பியிடம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

புரோக்கர் ஒருவர் மூலமாக அந்தக் கார் வந்தது. பெட்ரோல் வண்டி, மீட்டரில் 81 ஆயிரம் கிலோமீட்டர், பளபளவென்று பெயிண்ட். "பத்து மணிக்கு வருகிறேன்" என்று போனில் சொல்லிவிட்டுப் போனேன். போனபோது வண்டி ஓட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் சார், ஏசி போட்டு வச்சிருக்கேன், ஏறி உட்காருங்க" என்றார். என்ன நல்ல மனிதர் என்று நினைத்தேன். என்னை ஏமாற்றியது அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

ஒரு இன்ஜினின் உண்மை நிலை தெரிவது இரவெல்லாம் நின்று ஆறிப்போன பிறகு, காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான். இன்ஜினின் உள்பாகங்களை ஒத்திசைவாக ஓட்டும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில விநாடிகள் கடகடவென்று சத்தம் வரும், ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். சிலிண்டருக்குள் ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை ஒரு வீச்சு வரும். கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே கசிந்து எரிந்தால் வெள்ளைப் புகை வரும், இலேசாக இனிப்பான ஒரு வாடை அடிக்கும். குளிர்ந்த இன்ஜினில் சாதாரணமாகவே வெள்ளையாக நீராவி வரும்தான். ஆனால் அது ஒன்றிரண்டு நிமிடத்தில் மறைந்துவிடும். கோளாறால் வருவது நிற்காது. பேட்டரி பலவீனமாக இருந்தால் அதுவும் அந்த முதல் ஸ்டார்ட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும். சூடான இன்ஜினில் இதில் பாதி தெரியாது. எனவே போனவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் திறந்து, இன்ஜின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் தெரியும். சூடாக இருந்தால் "நாளைக் காலையில் வருகிறேன், யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். நான் ஏசியில் உட்கார்ந்தேன்.

டெஸ்ட் டிரைவ் என்று ஆறு கிலோமீட்டர் போயிருப்போம். சமதளமான சாலை, கூட்டம் இல்லை, பக்கத்தில் அவர் பேசிக்கொண்டே வந்தார். ரேடியோ வேறு ஓடியது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மறுநாளே முழுப் பணத்தையும் கொடுத்து எடுத்துவந்தேன். விற்பனைத் தாளில் மீட்டர் எண் 81,240 என்று என் கையாலேயே எழுதினேன்.

மூன்றாவது வாரம், டயாலிசிஸ் முடிந்து அப்பாவை அழைத்துக்கொண்டு இரவில் வரும்போது ஒரு மேட்டில் ஏறினோம். வெப்பம் காட்டும் முள் நடுவிலிருந்து மேலே நகர்ந்தது. பல கார்களில் அந்த முள் இயல்பான வெப்பத்தில் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள். அது நகர்கிறது என்றாலே ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. வீடு பக்கத்தில்தானே என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். இன்ஜின் உதற ஆரம்பித்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி நின்றது. பேனட் இடுக்கு வழியாக ஆவி வந்தது. அப்பா பின் சீட்டில் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

(இடையில் ஒன்று. இப்படி நின்றுவிட்டால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், திறந்தவுடன் முகத்தில் அடிக்கும். முழுவதும் ஆறட்டும்.)

மறுநாள் வண்டியை இழுத்துப்போய் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். வயதானவர். வாங்குவதற்கு முன்பே அவரிடம் போயிருக்க வேண்டும். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. கூலண்ட் டப்பாவைத் திறந்து, மூடியின் அடியில் விரலால் தடவி என்னிடம் காட்டினார். பழுப்பு நிறத்தில் பசை மாதிரி, நடுநடுவே மினுமினுப்பான துகள்கள். "தம்பி, ஓட்டையை அடைக்கிற மருந்து ஊத்தியிருக்காங்க" என்றார். கடைகளில் பாட்டிலில் கிடைக்கும் திரவம் அது. சிலவற்றில் சோடியம் சிலிகேட் இருக்கும், சூடு பட்டதும் இறுகி விரிசலை மூடிக்கொள்ளும். விற்கும் வரைக்கும் தாங்கினால் போதும் என்பவர்களுக்கு வசதியான பொருள். ஹீட்டரில் சூடான காற்று வந்ததா என்று கேட்டார். வெயில் காலத்தில் அதை யார் போட்டுப் பார்ப்பார்கள்? போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்த மருந்து ஹீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும், காற்று குளிர்ச்சியாகவே வரும்.

அப்புறம் நீல நிறத் திரவம் இருந்த ஒரு சின்னக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை அதன் வழியாக இழுத்தார். கண்ணெதிரே நீலம் மஞ்சளாக மாறியது. எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறது, அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், போய்விட்டது என்று அர்த்தம். சில நிமிட வேலை அது. வாங்கும் முன் செய்திருந்தால் என் சேமிப்பு என்னிடமே இருந்திருக்கும்.

கடைசியாக, வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். பி0301 என்று ஒரு குறியீடு, முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. அதைவிட முக்கியமான இன்னொரு வரியைத் தொட்டுக் காட்டினார்: கோளாறுக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம், 419 கிலோமீட்டர். மீட்டர் அப்போது 81,652. நான் எடுத்த பிறகு ஓட்டியது 412. மிச்சம் ஏழு. டெஸ்ட் டிரைவ் போனது ஆறு. நான் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால்தான் எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. கையடக்க ஸ்கேனரால் ஒரு நிமிடத்தில் அணைத்துவிடலாம். ஆனால் அணைத்தவுடன், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியலும் காலியாகிவிடும். பல சோதனைகளுக்கு நேராக 'இன்னும் முடியவில்லை' என்று ஸ்கேனர் காட்டும். அவை முடிய, வண்டி குளிர்ந்து, சூடாகி, வேகமாகவும் மெதுவாகவும் சில நாள் ஓட வேண்டும். அன்றாடம் ஓடுகிற வண்டி என்று சொல்லி விற்கிறார்கள், பட்டியல் காலியாக இருக்கிறது என்றால் கேள்வி கேளுங்கள். பேட்டரியை மாற்றினாலும் இப்படி ஆகலாம், அதனால் உடனே திருடன் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள், போதும். போனோடு இணைகிற சாதாரண ஸ்கேனரே இதைக் காட்டும்.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். என் வண்டியில் டைமிங் செயினுக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டின் மூடியில் படிந்திருந்த அழுக்கை மெக்கானிக் துணியால் துடைத்தபோது ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. பெல்ட் மாற்றியவர்கள் ஒட்டியது: 1,18,400 கி.மீ. மீட்டர் காட்டுவதோ 81 ஆயிரம்! பெயிண்டைப் பளபளப்பாக்கியவர்கள் அந்த மூலையைத் துடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். பிரேக் பெடலின் ரப்பரில் வலது ஓரம் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. ஸ்டீயரிங்கில் கை படும் இடம் கண்ணாடி மாதிரி. இதெல்லாம் முதல் நாளே என் கண்ணெதிரே இருந்தவை. மீட்டர் எண்ணை நம்பாதீர்கள், பெடலையும் ஓட்டுநர் சீட்டின் ஓரத்தையும் நம்புங்கள், சர்வீஸ் ரசீதுகளில் உள்ள தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் தயாரானது. குறைவாக ஓடிய புதுசு என்று சொல்கிற வண்டியில் நான்கு டயரும் வண்டியைவிட மிகவும் இளையதாக இருந்தால், பழையவை எப்போது, ஏன் மாற்றப்பட்டன என்று கேட்கலாம்.

என் வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் அதையும் மெக்கானிக் பார்த்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தார், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை நிற்குமாம். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும், சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பார்த்தார். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் வண்டியிலும் பதிவு ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் நானே முதலிலேயே பார்த்திருந்தேன். இருந்தது.

ஹெட்டைக் கழற்றி, நேரான இரும்புச் சட்டத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தபோது அலுமினியம் கோணியிருந்தது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கோணினாலே புது கேஸ்கெட்டும் நிலைக்காது என்றார். நான் கடைசியாக ஓட்டிய அந்த இரண்டு கிலோமீட்டரும் இதில் சேர்த்தி. ஹெட்டை மட்டப்படுத்தி, கேஸ்கெட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றி, அடைப்பு மருந்தைக் கழுவி எடுக்க ஆன செலவு, வண்டி விலையில் கிட்டத்தட்ட பாதி. அந்தப் பணம் என்னிடம் இல்லை. இருந்ததை எல்லாம் வண்டியிலேயே போட்டிருந்தேன். பட்ஜெட் குறைவாக இருப்பவர்கள் செய்யக்கூடாத தவறு இதுதான். வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெல்ட், டயர், பிரேக், பேட்டரி என்று முதல் சில மாதத்தில் ஏதாவது கேட்கும். நான் இன்னொரு முறை வாங்கினால் நான்கில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள்தான் தேடுவேன். பெரிய பெயருள்ள சொகுசு வண்டி மலிவாகக் கிடைத்தாலும் தொடமாட்டேன். வண்டியின் விலை குறையும், அதன் உதிரிபாகத்தின் விலை குறையாது. எங்கும் ஓடுகிற, எந்த மெக்கானிக்கும் கைவைக்கத் தெரிந்த எளிய வண்டி, ரசீதுகளோடு ஒரே கையில் இருந்தது என்றால், கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

புரோக்கரிடம் போனேன். "பார்த்துத்தானே சார் வாங்கினீங்க, உள்ளபடி உள்ள நிலையில்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார். போட்டிருந்தேன். இன்ஜின் சூடானதே இல்லை, மீட்டர் உண்மையானது என்று அவர் வாய்வழியாகச் சொன்னவை எதுவும் எழுத்தில் இல்லை. ஒரு குறுஞ்செய்தியில் கேட்டு, பதிலை வாங்கி வைத்திருந்தால்கூட உதவியிருக்கும். மெக்கானிக்கை அழைத்துவந்து பார்க்கட்டுமா என்று நான் முதல் நாள் கேட்டபோது, "இன்னொரு பார்ட்டி மதியம் வர்றாங்க" என்று சொன்னார். அந்தப் பதிலிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்கை விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள், எவ்வளவு பிடித்த வண்டியாக இருந்தாலும் சரி.

டெஸ்ட் டிரைவ் அரை மணி நேரமாவது போங்கள். ரேடியோ வேண்டாம். ஒரு மேடு, கொஞ்சம் வேகமான சாலை, கொஞ்சம் நெரிசல் மூன்றும் வேண்டும். திரும்பி வந்ததும் ஏசியை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் விசிறி ஓடி நிற்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

தம்பியிடம் மறுபடியும் கடன் வாங்கித்தான் வண்டியைச் சரி செய்தேன். இப்போது ஓடுகிறது. தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன் கூலண்ட் அளவைப் பார்க்கிறேன், இதுவரை இறங்கவில்லை. அப்பா இப்போது முன் சீட்டில்தான் உட்காருகிறார். மேடு வரும்போதெல்லாம் அவர் கண் சாலையில் இருப்பதில்லை, அந்த முள்ளின் மேல்தான் இருக்கிறது.