ஒரே மாதிரி இரண்டு ஆல்பம், சேலத்தில் ஒன்று, ஏற்காட்டில் ஒன்று: ஐந்தரை வருடம் கழித்துப் பிரித்துப் பார்த்தேன்

அம்மா அப்பாவின் மணிவிழாவுக்காக 2019 வைகாசியில் கையாலேயே இரண்டு ஸ்க்ராப்புக், அதாவது படமும் டிக்கெட்டும் இலையும் ஒட்டி அலங்கரிக்கிற ஆல்பம், செய்தேன். ஒன்று சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, இன்னொன்று ஏற்காட்டில் இருக்கும் அக்காவுக்கு. ஒரு போட்டோ குறைந்தாலும் அக்கா வருஷம் பூரா சொல்லிக்காட்டுவாள் என்பதால் தாள், பசை, படம், ஜிகினா எல்லாம் அச்சு அசலாக ஒன்றே. 2025 பொங்கலுக்கு வந்தபோது அக்கா தன்னுடையதைக் கையோடு எடுத்து வந்தாள். கூடத்தில் பாயை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே நாளில் ஒரே கை செய்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்களுடையது காய்ந்த அப்பளம். தொட்டால் ஏதாவது ஒன்று பொலபொலவென்று மடியில் விழுகிறது. அக்காவுடையது ஊறிய ரொட்டி. பக்கங்கள் அலை அலையாக உப்பி, திறந்ததும் பழைய மச்சு வீட்டு வாடை. நடுவில் இருப்பது என்னவோ 30 கிலோமீட்டரும் 20 கொண்டை ஊசி வளைவும்தான். ஆனால் மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மஞ்சுமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். கீழே சித்திரையில் எங்கள் மாடி அறை பீரோவுக்குள் கை வைத்தால் சுடும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட எனக்கு எந்தப் பேனா, எந்தக் கத்தரி என்றுதான் கவலை. ஆல்பம் எந்த ஊரில் இருக்கப் போகிறது என்று யோசிக்கவே இல்லை.

பசையில் ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் பாழானதில் முக்கால்வாசி அதனால்தான்.

அன்றைக்கு நான் ஐந்து விதமாக ஒட்டியிருந்தேன். படங்களுக்கு டபுள் சைடு டேப், மேடாகத் தெரிய வேண்டிய பூக்களுக்கு ஃபோம் டேப், சின்னத் துண்டுகளுக்கு க்ளூ ஸ்டிக், பின்னணித் தாள்களுக்கு வெள்ளைப் பசை, ஆல்பத்தின் முதுகுத் துணிக்கு மைதாப் பசை. சேலத்து ஆல்பத்தில் டபுள் சைடு டேப் காய்ந்து கண்ணாடிக் காகிதம் போல உரிந்துவிட்டது. போன இடத்தில் பழுப்புக் கோடு மட்டும் மிச்சம். ஃபோம் டேப்பை விரலால் அழுத்தினேன், புட்டு மாதிரி உதிர்ந்தது. க்ளூ ஸ்டிக் இரண்டாம் வருடமே கைவிட்டிருந்தது, அது எனக்கு முன்பே தெரியும். பிள்ளைகளின் பள்ளி புராஜெக்டுக்கு மட்டும் வாங்குங்கள், அது ஒரு வாரம் தாங்கினால் போதும்.

வெள்ளைப் பசை இரண்டு ஊரிலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதில் தண்ணீர் அதிகம். மெல்லிய தாளில் தாராளமாகத் தடவினால் அன்றே சுருங்கும். ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாக இழுத்து, ஓரத்திலிருந்து நீவிக்கொண்டே வந்து, மேலே பாரம் வைத்து ஒரு ராத்திரி விட வேண்டும். நான் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு செங்கல் வைக்கிறேன்.

எனக்கே ஆச்சரியம் தந்தது ஏழாம் பக்கம். மணிவிழாவுக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெள்ளைப் பசை தீர்ந்துபோனது. அம்மா அடுப்படியில் இருந்த குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். சேலத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம்முடையது, மில்லுக்கு மில் ஸ்டார்ச் கிடைக்கும். அந்தப் பக்கம் எங்கள் ஆல்பத்தில் இன்றைக்கும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. சுருக்கம் இல்லை, கறை இல்லை. அம்மா இதை இப்போது வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள்.

பக்குவம் இதுதான்: ஒரு பங்கு மாவை ஆறு பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். பால் மாதிரி இருப்பது சட்டென்று கெட்டியாகி, வெளுப்பு போய்க் கண்ணாடி போலத் தெளியும். அந்த நிமிடம் இறக்கிவிட வேண்டும். ஆறியதும் மெல்லிய துணியில் பிழிந்தால் திப்பி தங்காது. இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளித்துவிடும்.

அதே ஏழாம் பக்கம் அக்காவின் ஆல்பத்தில்? ஓரமெல்லாம் வலை வலையாக ஓட்டை. முதுகில் மைதா தடவிய துணிக்குக் கீழேயும் அதே கதை. ஈரமும் மாவும் சேர்ந்தால் வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பைண்டிங்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, மோந்து பார்த்தார். “பசையில மயில்துத்தம் போட்டீங்களாம்மா?” என்றார். இல்லை என்றேன். “அப்புறம் பூச்சி என்ன பண்ணும், பாவம்” என்றார்.

கணக்குப் புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பது பழைய வழக்கம். ஆனால் அது விஷம், குழந்தைகள் இருக்கும் அடுப்படியில் கலக்குகிற சரக்கு இல்லை. பசைக்கு நீலப்பச்சை நிறமும் ஏறும். அதனால் என் முடிவு: கீழே இருக்கும் ஆல்பத்துக்குக் கிழங்கு மாவு, மலைக்குப் போவதற்கு வெள்ளைப் பசை மட்டும். அக்கா வேப்பிலை வைத்துப் பார்த்தாளாம். இலையிலேயே பூஞ்சை பிடித்துவிட்டது.

போட்டோவுக்கு இனி எந்த ஊரிலும் பசையே கிடையாது. மூலைதான். இரண்டு சென்டிமீட்டர் அகலம், நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தாளை வெட்டி, நீளத்தின் நடுவிலிருந்து இரண்டு பக்கத்தையும் கீழே மடக்கினால் முக்கோணப் பை மாதிரி வரும். அதைப் படத்தின் நான்கு மூலையிலும் செருகி, பையின் முதுகில் மட்டும் பசை தொட்டு ஒட்ட வேண்டும். படத்தை நினைத்தபோது உருவிக்கொள்ளலாம். நான் கல்யாணப் பத்திரிகை உறைகளில் வெட்டுகிறேன். நல்ல தடிமன், தங்கக் கோடு வேறு இலவசம். மஞ்சள் தடவிய மூலையை மட்டும் வெட்டிப் போட்டுவிடுங்கள். எதிர்ப் பக்கத்துப் படத்தில் அது ஒத்தி எடுத்த மாதிரி இறங்குகிறது.

மூலையில் மாட்டியிருந்தால் அக்கா ஆல்பத்தில் இரண்டு படங்களையாவது காப்பாற்றியிருப்பேன். பளபள பிரிண்டுகள் எதிரெதிராக இருந்ததால் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவசரத்தில் பிய்த்தேன், அப்பாவின் மாலையில் பாதி எதிர்ப் பக்கம் போய்விட்டது. அடுத்த ஜோடியைப் பக்கத்தோடு வெட்டி எடுத்து, சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே பிரிந்தது. லேபில் கழுவிய படங்களுக்கு இது பெரும்பாலும் பலிக்கும். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்ததைத் தண்ணீரில் போட்டால் சாயம்தான் மிஞ்சும். பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

தாள் விஷயம். சார்ட் பேப்பரின் நிறம் இரண்டு ஊரிலும் வெளுத்திருக்கிறது. ஐவரி ஷீட் என்கிற தடித்த தாள், 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்), நிமிர்ந்து நிற்கிறது, இனி அதுதான். செய்தித்தாள் கத்தரிப்பை நேராக ஒட்டியிருந்தேன்; அது பழுத்ததோடு நிற்காமல் கீழே இருந்த தாளிலும் தன் உருவத்தைப் பழுப்பாகப் பதித்திருக்கிறது. செய்தித்தாளை நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். பஸ் டிக்கெட்டும் அப்படித்தான். ஏற்காடு பஸ்ஸில் மெஷினில் கொடுத்த டிக்கெட் இன்றைக்கு வெற்றுத் தாள். வெப்பத்தில் எழுத்து வரும் தாள் அது, காலப்போக்கில் தானே வெளுக்கும். அதே பக்கத்தில் பழைய அச்சடித்த டிக்கெட் ஒன்று எண் உட்படத் தெளிவாக இருக்கிறது.

தாளுக்கு இழை ஓட்டம் உண்டு, அதன் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும் என்பதை மூன்றாம் வருடத்தில்தான் கற்றேன். தாளை மடிக்காமல் இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வீம்பு பண்ணாமல் வளைகிறதோ, அந்த மடிப்புக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது. ஆல்பத்தின் முதுகுக்கு இணையாக இழை வரும்படி வெட்டினால் பக்கம் படிந்து திரும்பும். குறுக்கே வெட்டினால் மடிப்பில் வெடிப்பு விழும், ஈரத்தில் பக்கம் முறுக்கும். அக்கா ஆல்பத்தில் மோசமாக அலை எழும்பிய பக்கங்களை எண்ணினேன். பெரும்பாலும் தாள் மிச்சம் பிடிக்க நான் குறுக்கே வெட்டியவைதான்.

இன்னொரு பைண்டிங் பாடம்: படம் ஒட்ட ஒட்ட ஆல்பம் வாய் பிளக்கும். முதுகுப் பக்கம் ஒவ்வொரு தாளுக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்கு அட்டைத் துண்டு வைத்துத் தைத்துவிட்டால் பிறகு எவ்வளவு ஒட்டினாலும் மூடும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டர் பிளேடை மொண்ணையாகும் முன் ஒடியுங்கள், அவ்வளவுதான். மடிப்புக் கோடு போடத் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா போதும், அதற்கென்று காசு கொடுத்து வாங்கிய கருவி இழுப்பறையில் தூங்குகிறது. ஏ3 கட்டிங் மேட் ஒன்றை மே மாதம் காரின் பின்சீட்டில் மறந்து வைத்தேன். தோசைக்கல்லில் ஓரம் தூக்கிய தோசை மாதிரி வளைந்துவிட்டது, இன்னும் நிமிரவில்லை. குவில்லிங் சுருள்கள் (தாள் பட்டையைச் சுருட்டிச் செய்யும் அலங்காரம்) இரண்டு ஊரிலும் அப்படியே இருப்பது எதிர்பாராதது. வெள்ளைப் பசை சொட்டு வைத்துச் சுற்றியதால் போலிருக்கிறது.

ஆல்பத்தில் ஒட்டிய இலைகள்தான் என் செல்லம். சில்வர் ஓக் இலையின் வெள்ளிப் பின்பக்கம் ஐந்தரை வருடத்தில் துளி மங்கவில்லை. காபிப் பூ இரண்டே வாரத்தில் பழுப்பாகிவிடும், அந்த வெள்ளையைப் பிடித்துவைக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. மேலே பறித்து மேலேயே புத்தகத்தில் வைத்து அழுத்தினால் பூஞ்சை. பறித்ததைச் செய்தித்தாளில் மடித்து அன்றைக்கே மலை இறங்கிவிடுங்கள், அம்மாபேட்டை வெயிலில் நாலைந்து நாளில் காய்ந்துவிடும்.

அக்காவுக்குப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறேன். இழை பார்த்து வெட்டிய ஐவரி, வெள்ளைப் பசை, பட்டர் பேப்பர். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்கக் கூடாது, மாசி பங்குனியில் ஒரு நாள் வெளியே எடுத்துப் பிரித்து வைக்க வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் பிய்த்துவிட்ட, அப்பா மாலையோடு இருக்கும் படத்துக்கான பக்கத்தில் மட்டும் நான்கு மூலைகளை ஒட்டிக் காலியாக விட்டிருக்கிறேன். ஒரிஜினல் இருக்கும் பென்டிரைவை அக்கா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.